வாடாத மூன்று செடிகள்

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருடம், இலங்கையில் குருவிட்டவுக்கு மேலே, நாங்கள் இருந்த தேயிலைத் தோட்டத்தில் மழையே இல்லை. நான் அப்போது நான்காம் வகுப்பு. அம்மா கொழுந்து பறிக்கும் பழைய மலை காய்ந்து பழுப்பேறியது. புதுமலையில் ஒரே தாய்ச்செடியின் துண்டுகளை நட்டிருந்தார்கள்; பழைய மலையோ விதையில் முளைத்த தேயிலை. அங்கே ஒவ்வொரு செடிக்கும் ஒவ்வொரு குணம். அந்த வெயிலிலும் மூன்று செடிகள் பச்சையாக நின்றன. தேயிலையை ஆராய சிங்கள ஐயா ஒருவர் வந்தார்; எங்களுக்கு அவர் மாத்தியா. அவர் அவற்றில் சிவப்பு ரிப்பன் கட்டினார். மழை வந்ததும் அவற்றில் துண்டு வெட்டிக் கன்று வளர்ப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

பள்ளிக்கூடத்தில் விளையாட்டுப் போட்டி வந்தது. நான் சிவப்பு இல்லத்து அணி. செடிக்கு எதற்கு ரிப்பன் என்று மூன்றையும் அவிழ்த்தேன். இரண்டு என் சடைக்கு, ஒன்று சிநேகிதிக்கு. ஓட்டத்தில் கடைசியாக வந்தேன்.

பிறகு மழை பெய்தது. மலை முழுவதும் ஒன்றுபோலத் துளிர்த்துவிட்டது. திரும்பி வந்த மாத்தியா எந்தச் செடி என்று தெரியாமல் திகைத்தார். அம்மாவுக்குத் தேத்தண்ணி கொண்டுபோயிருந்த என் தலையைக் கங்காணி பார்த்துவிட்டார்.

"ஒம் மக சடையில இருக்கிறது என்னா? மாத்தியாவுக்கு நீயே பதில் சொல்லு."

அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். கூடையை இறக்கிவிட்டு மேலே ஏறினாள். முதல் இரண்டு செடிகளை நடந்தபடியே காட்டினாள். மூன்றாவதற்கு மட்டும் இரண்டு செடிகளுக்கு நடுவே நின்று, இரண்டிலும் இலை கிள்ளி மடித்துப் பார்த்தாள்.

"இதுதாங்க கங்காணி."

மாத்தியா தன் புத்தகத்தில் வரைந்திருந்த இலையோடு ஒப்பிட்டுத் தலையாட்டினார்.

"கொஹொமத தன்னே?" எப்படித் தெரியும் என்று கேட்டார்.

தினமும் கை வைக்கிற செடி தெரியாதா என்று அம்மாவும் சிங்களத்திலேயே சொன்னாள். அதோடு விடவில்லை. அவர் கேட்காமலே கீழே இன்னொரு செடிக்குக் கூட்டிப்போனாள். கொழுந்து குறைவுதான், ஆனால் சுற்றியுள்ள செடிகளில் கிளை வாதுகளைத் துளைத்து முறிக்கிற பூச்சி இதை அண்டுவதில்லை என்றாள்.

மாத்தியா அந்தச் செடியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு அம்மாவின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு ஏதோ சொன்னார். அம்மா தலைத்துண்டால் வாயை மூடிக்கொண்டாள். போலீசுக்குத்தான் எழுதுகிறார், அம்மா அழுகிறாள் என்று நினைத்து நான் பெரிதாக அழத் தொடங்கினேன். அந்தப் புத்தகத்தில் செடியைக் கண்டறிந்தவர் பெயருக்கென்று ஓர் இடம் இருந்ததும், அதில் ஒரு கொழுந்துக்காரியின் பெயர் ஏறியதும், அம்மா துண்டுக்குள் சிரித்துக்கொண்டிருந்ததும் அன்று எனக்குப் புரியவில்லை.