கெர்லிங் மறுபதிப்பு

மலேசியாவின் கெர்லிங் ஊரில் எனக்குப் பொழுது விடிவது இங்கிலாந்துக்காரன் பாட்டில்தான். நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரர் மணியம் அண்ணன், ஓய்வுபெற்ற லோரி ஓட்டுநர். சாமி படத்துக்குச் சூடம் காட்டி முடித்த கையோடு பழைய கேசட் ஒன்றைத் தட்டிவிடுவார். பேஸ் கிட்டார் முன்னால் நடக்கும். பாடகன் பாடாமல் யாரிடமோ குறைபட்டுக்கொள்வான். "எழவு வீட்டுல கூட இதவிடக் கலகலப்பா இருக்கும் லா" என்று அடுப்படியிலிருந்து அவர் மனைவி சொல்வார்; நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அண்ணன் சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டுவார். தமிழ்நாட்டிலிருந்து ராவாங் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்தவன், மலேசிய ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர் வீட்டில் உறுமி மேளம் கேட்கும் என்றுதான் நினைத்திருந்தேன்.

அதிசயம் என்னவென்றால், எனக்கும் அந்தப் பாட்டுகள் தெரியும். புதுக்கோட்டைப் பக்கம் எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். திருச்சிப் பொறியியல் கல்லூரி விடுதியில் என் அறைத்தோழனின் ஹார்ட் டிஸ்க் நிறைய நியூ வேவ், போஸ்ட்-பங்க் என்று அந்தக் கால இங்கிலாந்து ராக் ஆல்பங்கள் இருந்தன. எல்லாம் மறுபதிப்புகள். இரைச்சல் நீக்கிய பாட்டுகள், கூடவே ஸ்கேன் செய்த சிறு புத்தகம், கடைசியில் ஒத்திகைப் பதிவுகள். டிரம்மர் ஒன்று, இரண்டு எண்ணுவது, யாரோ இருமுவது, சிரிப்பு எல்லாம் அதில் இருக்கும். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் புத்தகங்களைப் படித்தேன். அந்த இருமலைக்கூடப் பயபக்தியோடு கேட்டேன். ஊரிலிருந்து அம்மா போனில் பேசினால் மட்டும் ஆடு கத்துவதும் பக்கத்து வீட்டு டிவியும் சேர்ந்து கேட்கும். "அந்தப் பக்கம் வாம்மா, ஒரே எரைச்சலா இருக்கு" என்பேன்.

ஒருநாள் அண்ணன் ஒரு கேசட்டைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். பூஞ்சை பிடித்திருந்தது. தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியின் மகன் செல்வம் கோலாலம்பூரில் படித்தபோது வாங்கிவந்த இசைத்தட்டிலிருந்து எடுத்ததாம். வயர் கிடையாது. ஸ்பீக்கர் முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்து, பட்டனை அழுத்திவிட்டு, செல்வமும் அண்ணனுமாக இரண்டு பையன்களும் மூச்சைப் பிடித்து உட்கார்ந்திருப்பார்களாம்.

"இத உன் கம்பியூட்டர்ல ஏத்திக் குடுக்க முடியுமா, தம்பி? ரொம்ப நாளா போட பயந்துகிட்டே வச்சிருக்கேன்."

ஏற்றினேன். இரண்டாம் பக்கம் முடியும் நேரத்தில் நாடா உருளையில் சுற்றிக்கொண்டு துண்டு துண்டாக வந்துவிட்டது. துண்டுகளைப் பொறுக்கினேன். "பரவால்ல லா, உன்கிட்ட இருக்குல்ல" என்றார் அண்ணன்.

தொழிற்சாலையில் என் வேலை தரப் பரிசோதனை. பிளாஸ்டிக் மூடியில் மயிரிழைக் கீறல் இருந்தாலும் தூக்கிப் போட வேண்டும். அதே கண்ணோடு அண்ணனின் பாட்டுக்கும் உட்கார்ந்தேன். இரைச்சலை உறிஞ்சி எடுத்தேன். மூன்றாவது பாட்டில் தகரக்கூரை மேல் மழை, நடுவே ஏதோ பெண்குரல். அந்த இடத்தை வெட்டி, என்னிடமிருந்த அதே ஆல்பத்தின் மறுபதிப்பிலிருந்து அந்தத் துண்டை ஒட்டினேன். ஒட்டுத் தெரியவில்லை. எனக்கே பெருமையாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை போட்டுக் காட்டினேன். முதல் பாட்டுக்குத் தலையாட்டினார். மூன்றாவதில் முன்னால் குனிந்தார். பாட்டு முடிந்தது.

"மழை எங்க, தம்பி?"

"எடுத்துட்டேண்ணே. இப்ப சுத்தமா இருக்கு."

"அம்மா எங்க?"

தோட்டத்தில் பால் மரம் வெட்டிப் பால் எடுத்த அவர் அம்மா, அந்தப் பதிவுக்கு அடுத்த வருடமே இறந்துவிட்டார். போட்டோ ஒன்று இருக்கிறது. குரல் அந்த நாடாவில் மட்டும்தான் இருந்தது. "பாட்டுக்காகவா இத்தன வருசம் பொத்தி வச்சிருந்தாருன்னு நெனச்ச?" என்றார் அக்கா. அவர் கேலி செய்யாமல் பேசி அன்றுதான் கேட்டேன்.

தொழிற்சாலைப் பழக்கம் ஒன்று காப்பாற்றியது. ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு மூடியை யாரும் தொடாமல் எடுத்து வைப்போம். பின்னால் புகார் வந்தால் பார்க்க. பாட்டில் கை வைக்கும் முன்பும் யோசிக்காமலே, கேசட்டிலிருந்து ஏற்றியதை அப்படியே 'சாம்பிள்' என்று தனியாக வைத்திருந்தேன். அறைக்கு ஓடி லேப்டாப்பைத் தூக்கிவந்தேன்.

மழை வந்தது. கிராணி வீட்டு வேலிக்கு வெளியிலிருந்து அந்தக் குரலும் வந்தது: "மணியோ! மழ வருதுடா, துணிய எடு!" உடனே பக்கத்திலிருந்து செல்வம்: "ஸ்ஸ்… டேப் ஓடுது, உங்கம்மாவச் சும்மா இருக்கச் சொல்லுடா."

அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார். "நான் எழுந்திரிக்கல தம்பி. பாட்டு கெட்டுப்போயிரும்னு அசையாம உக்காந்திருந்தேன். துணியெல்லாம் தொப்பலா நனஞ்சி, அப்புறம் வெளக்கமாத்தாலதான் பூசை." சிரித்துக்கொண்டே துண்டால் முகத்தைத் துடைத்தார். "இன்னொருவாட்டி போடு."

இந்த வாரம் ஊரிலிருந்து என் அம்மா பேசினாள். ஆடு கத்தியதும் அவளாகவே, "இரு, அந்தப் பக்கம் போயிர்றேன்" என்றாள்.

"வேணாம்மா. அங்கயே நின்னு பேசு" என்று சொல்லிவிட்டு, பதிவு பட்டனை அழுத்தினேன்.

ராவாங் போகும் பஸ்ஸில் இன்னும் அந்த ஆல்பத்தைத்தான் கேட்கிறேன், சுத்தமான மறுபதிப்பை. மூன்றாவது பாட்டில் அந்த இடம் வந்ததும், இல்லாத குரல் எனக்குக் கேட்டுவிடுகிறது. உடனே மழை வருகிறதா என்று ஜன்னல் வழியே வானத்தைப் பார்க்கிறேன். எந்த ஊர்க் கொடியில் துணி காய்கிறது என்று ஒரு கணம் தெரியவில்லை.