ராணி குளித்த தொட்டி

என் அக்காவைப் பற்றி யாராவது எழுதுவதாக இருந்தால் முதலில் அவள் வாயைப் பற்றித்தான் எழுத வேண்டும். அந்த வாய்க்குப் பயப்படாத ஆள் எங்கள் பக்கத்தில் கிடையாது. பெயின்டர் பயப்படுவார், தண்ணீர் லாரி டிரைவர் பயப்படுவார். கிளம்ப மாட்டேன் என்று மக்கர் செய்யும் ஜெனரேட்டர்கூட அவள் வந்து நின்று இரண்டு வார்த்தை திட்டினால் முக்கி முனகிக் கிளம்பிவிடும். ஆனால் நான் எழுதப்போவது அவள் குரலை உயர்த்தாமல் பேசிய ஒரு காலையைப் பற்றி. அவள் திட்டியிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே இருந்திருக்காது.

ஊருக்கு வெளியே, மரங்களும் புல்வெளியுமாக இருக்கும் ஒரு பழைய பங்களாவுக்கு நான் மேனேஜர். மேனேஜர் என்பதெல்லாம் விசிட்டிங் கார்டில்தான். பல்பு மாற்றுகிறவன், சாவியைத் தேடுகிறவன், விருந்தாளி தொலைத்த செருப்பைத் தேடுகிறவன் எல்லாம் நானே. கல்யாணங்கள் நடக்கும், கம்பெனிக்காரர்கள் கூட்டமாக வந்து தங்குவார்கள். மழைக்காலம் நாலு மாதம் பூட்டிக் கிடக்கும். மழை விட்டதும் சீசன். அதற்கு முன்னால் இருக்கிற மூன்று வாரத்தில் பங்களாவைப் புதுசாக்கிவிட வேண்டும்.

அந்த மூன்று வாரமும் என் ராஜ்ஜியம் இல்லை, அக்காவின் ராஜ்ஜியம். ஆறு பெண்களைக் கூட்டிக்கொண்டு வருவாள். ஹாலின் விட்டத்தில் வௌவால் எச்சம், சுவரில் பூஞ்சை, படிக்கட்டில் பாசி, மெத்தைகளில் முடை நாற்றம். எதையும் விடமாட்டாள். முந்நூறு நாற்காலியிலும் அவளே ஒவ்வொன்றாக உட்கார்ந்து, இடம் வலம் ஆடிப் பார்த்துத்தான் அடுக்க விடுவாள்.

"கையால அழுத்திப் பாத்தா போதாதா அக்கா?" என்று ஒருதடவை கேட்டேன்.

"கல்யாணத்துக்கு வர்றவங்க கையாலயா உக்காருவாங்க? போடா, வேலையைப் பாரு."

அறுபத்திரண்டு வயது. அவளைவிட நான் ஒன்பது வயது சின்னவன். முந்நூறு தடவை உட்கார்ந்து எழுந்த பிறகும் அவளுக்கு மூச்சு வாங்காது. வேடிக்கை பார்க்கிற எனக்குத்தான் வாங்கும்.

பங்களாவின் பின்கேட்டைத் திறந்து பத்து நிமிடம் நடந்தால் இடிந்துபோன ஒரு கல் வளைவு வரும். எந்தக் காலத்திலோ சுங்கம் வசூலித்த இடம். அதைத் தாண்டினால் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக மூன்று பெரிய கல்தொட்டிகள். விருந்தாளிகளைச் சாயங்காலம் அங்கே கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவதும் என் வேலைதான். பதினாறு வருடமாக அவர்களிடம் நான் சொல்லிவருவது இதுதான்: இது ராணி குளித்த தொட்டி. மேல் தொட்டியில் வெந்நீர், நடுத் தொட்டியில் பால், கீழ்த் தொட்டியில் பன்னீர். மூன்றிலும் குளித்து எழுந்தால்தான் ராணிக்குக் குளித்த மாதிரி இருக்குமாம்.

ராணியும் இல்லை, பன்னீரும் இல்லை. அது அவுரித் தொட்டி. அவுரிச் செடியை அறுத்து மேல் தொட்டியில் ஊறப்போடுவார்கள். அது அழுகி, நாற்றமடித்து, பச்சைத் தண்ணீராக நடுத் தொட்டிக்கு இறங்கும். ஆட்கள் அதில் இடுப்பளவு நின்று மட்டையால் அடிக்க வேண்டும், மணிக்கணக்கில். அடிக்க அடிக்கப் பச்சை நீலமாக மாறும். பிறகு கீழ்த் தொட்டியில் நீலம் அடியில் தங்கும். அதை வழித்து, பிழிந்து, கட்டியாக்கிக் காயவைத்துத் துணிக்குச் சாயமேற்ற அனுப்புவார்கள். நடுத் தொட்டியில் நின்று அடித்தவர்களில் எங்கள் அம்மா ஒருத்தி. அம்மா இறந்த பிறகு அதே இடத்தில் அக்கா இறங்கி நின்றாள். அப்போது அவளுக்குப் பதின்மூன்று வயது, எனக்கு நாலு. எனக்குப் பத்து வயதாகும்போது தொட்டிகளை மூடிவிட்டார்கள். அதுவரை நான் தின்ற சோறு, போட்ட சட்டை, எழுதிய சிலேட்டு எல்லாம் அந்த நாற்றத்திலிருந்து வந்தவை.

அப்புறம் ஏன் பொய் சொன்னேன்? வேலைக்குச் சேர்ந்த முதல் சீசனில், கல்யாணப் பெண்ணின் அத்தை ஒருத்தி தேங்கிய தண்ணீரைப் பார்த்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டாள். "ஐயே, இது என்ன இடம்? ஏதாவது சாயப்பட்டறையா?" என்றாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் மூக்கைப் பொத்தியது என்னைப் பார்த்துத்தான் என்று தோன்றிவிட்டது. "என்னங்க அப்படிச் சொல்லிட்டீங்க? இது ராணி குளிச்ச தொட்டி" என்றேன். மூக்கிலிருந்த கை இறங்கியது. எல்லோரும் ஓடிவந்து போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

அடுத்த கூட்டம் வந்தபோது பால் சேர்ந்தது. அதற்கடுத்த வருடம் பன்னீர். ஏழு தோழிகள், ஒரு சுரங்கப்பாதை என்று கதைக்குக் கை கால் முளைத்துக்கொண்டே போனது. விருந்தாளிகள் அதை இன்டர்நெட்டில் எழுதினார்கள். அதைப் படித்துவிட்டு வந்தவர்கள் எனக்கே அந்தக் கதையைச் சொன்னார்கள். நானும் பயபக்தியோடு கேட்டுக்கொண்டேன்.

பங்களா வேலைக்கு வந்ததிலிருந்து அக்கா பின்கேட்டைத் தாண்டி வந்ததே இல்லை. அதனால் அவளுக்கு இதெல்லாம் தெரியாது என்று நினைத்திருந்தேன். ஆறு பெண்களோடு நாள் முழுக்கப் பேசிக்கொண்டே வேலை செய்கிறவளுக்கு ஒரு விஷயம் தெரியாமல் இருக்கும் என்று நம்பியவனை என்னவென்று சொல்வது? எனக்கு வசதியாக இருந்தது, நம்பினேன்.

இந்த வருடம் பங்களாவின் பொறுப்பு, வெளியூரிலிருந்து வந்து அதை வாங்கிய பெரிய முதலாளியிடமிருந்து அவர் மகளின் கைக்கு வந்தது. சின்னப் பெண், சுறுசுறுப்பு. வந்த வேகத்தில் பழைய இடங்களைச் சுற்றிக்காட்டுவதை ஒரு தனி நிகழ்ச்சியாகவே ஆக்கிவிட்டாள். வளைவுக்கு ஒரு போர்டு, தொட்டிக்கு ஒரு போர்டு. தொட்டிக்கான போர்டில் என் ராணி தங்க எழுத்தில் உட்கார்ந்திருந்தாள். அதை நடுவதற்கு முந்தின நாள் காலை.

"அண்ணே, வெளியாளுங்க வர்றதுக்கு முன்னாடி ஒரு ஒத்திகை பாத்துரலாம்" என்றாள் புது முதலாளியம்மா. "நம்ம வேலை செய்ற அக்காங்களே விருந்தாளி மாதிரி வரட்டும். நீங்க வழக்கம்போல சொல்லுங்க."

"எங்கக்காவுக்கு மட்டும் முட்டி வலிம்மா, அவ்வளவு தூரம் நடக்க முடியாது" என்றேன்.

பின்னால் வாளியோடு வந்துகொண்டிருந்த அக்கா நின்றாள். "யாருக்கு முட்டி வலி? எனக்கா? எவன் சொன்னான்?"

எல்லோரும் சிரித்தார்கள். கைகளைத் துடைத்துக்கொண்டு அவள்தான் முதலில் கேட்டைத் தாண்டினாள்.

வளைவுக்கடியில் முடிந்தமட்டும் இழுத்தடித்தேன். எந்தக் கல் எந்தப் பக்கம் சரிந்தது, எந்த மழையில் சரிந்தது என்று தெரிந்தது தெரியாதது எல்லாம் சொன்னேன். யாருக்காவது கால் கடுத்து, திரும்பிப் போகலாம் என்று சொல்லமாட்டார்களா என்று பார்த்தேன். யாரும் சொல்லவில்லை. தொட்டிக்கு வந்து சேர்ந்தோம்.

அக்கா நேராக நடுத் தொட்டியின் ஓரத்தில் போய் நின்றாள். உள்ளே மழைத் தண்ணீர், மேலே இலைகள். அவள் எதையும் தேடவில்லை. எங்கே நிற்க வேண்டும் என்று கால்களுக்கே தெரிந்திருந்தது. நான் ஆரம்பித்தேன். வெந்நீர் என்றேன், பால் என்றேன். பதினாறு வருடம் தடுமாறாமல் வந்த கதை அன்றைக்கும் தடுமாறவில்லை என்பதுதான் கேவலம். ஆறு பெண்களும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருத்தி இருமினாள். அந்த இருமலிலேயே எல்லோருக்கும் எல்லாம் தெரியும் என்பது எனக்குப் புரிந்துவிட்டது. அப்படியும் பன்னீர்வரை சொல்லி முடித்தேன்.

முதலாளியம்மா கைதட்டினாள். அப்புறம் அக்காவின் பக்கம் திரும்பி, "அக்கா, நீங்க இங்கயே பொறந்து வளர்ந்தவங்கதானே? சின்ன வயசுல இந்தக் கதையெல்லாம் கேட்டிருக்கீங்களா?" என்றாள்.

அக்கா என்னைப் பார்க்கவில்லை.

"எனக்கென்ன பாப்பா தெரியும்? அவன் படிச்சவன். அவன் சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அப்பாடா என்று இருந்தது எனக்கு. அவள் அப்படிச் சொன்னதும் எனக்கு முதலில் வந்தது வெட்கம் இல்லை, நிம்மதி. இதை எழுதும்போது விட்டுவிடலாமா என்று இரண்டு முறை யோசித்தேன்.

முதலாளியம்மாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "எனக்கு ஒரு யோசனை. முதல் நாள் வர்றவங்களுக்கு, ராணியோட வேலைக்காரி மாதிரி ஒருத்தர் இங்க குடத்தோட நின்னா எப்படி இருக்கும்! அக்கா, நீங்களே நிக்கிறீங்களா? நல்ல உடுப்பு தைச்சுத் தர்றேன்."

"வேலைக்காரி வேஷம்தானே? நிக்கிறேன்" என்றாள் அக்கா. "எனக்கு அது புதுசில்ல. பள்ளிக்கூட வாசல்ல ஒருதடவை போட்டிருக்கேன்."

பள்ளிக்கூட நாடகத்தைச் சொல்கிறாள் என்று நினைத்துப் பெண்கள் சிரித்தார்கள். அக்கா பள்ளிக்கூடத்துக்கே போனதில்லை.

அப்போது எனக்கு எட்டு வயது. மத்தியானச் சாப்பாட்டை வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டேன். தொட்டியில் வேலை நடக்கிற நாள் அது. வேலை இடைவேளையில் அக்கா வீட்டுக்கு ஓடி, சாப்பாட்டை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடி வந்திருக்கிறாள். கால்கள் நீலம், கைகள் நீலம், கன்னத்தில் ஒரு தீற்று நீலம். நாற்றம் அவளுக்கு முன்னால் வந்தது. பையன்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "யாருடா அது?" என்று கேட்டார்கள். "எங்க வீட்டு வேலைக்காரி" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்ற அவள் டப்பாவை நீட்டி, "இந்தாங்க" என்றாள். என்னை 'டா' போடாமல் அவள் கூப்பிட்டதே கிடையாது. ஏதோ ஓடிவந்த அவசரத்தில் வாய் தவறிவிட்டது என்று நாற்பத்தைந்து வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது எப்போதும்போல "வாடா" என்றாள். அதனால் அவள் காதில் விழவில்லை என்று முடிவுகட்டினேன்.

தொட்டி ஓரத்தில் அவள் நின்றுகொண்டிருந்தாள். பெண்கள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"அம்மா" என்றேன் முதலாளியம்மாவிடம். "இது ராணி குளிச்ச தொட்டி இல்ல. அவுரித் தொட்டி. எங்கக்கா இதுல இடுப்பளவு நின்னு மட்டை அடிச்சுத்தான் என்னை வளர்த்தா. ராணி கதை நான் கட்டிவிட்டது."

சிரிப்பு நின்றது. முதலாளியம்மா என்னையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தாள். "பதினாறு வருஷமாவா?" என்றாள். தலையாட்டினேன். வேலை போய்விடும் என்று நினைத்தேன். போனால் போகட்டும் என்றும் நினைத்தேன்.

"அண்ணே, எங்கப்பாவை நம்ப வச்சீங்க. என்னையும் நம்ப வச்சுட்டீங்க. இதைப் பத்தி அப்புறம் உங்ககிட்ட பேசறேன்" என்றாள். பிறகு அக்காவிடம் போய், குரலைத் தாழ்த்தி, "மன்னிச்சுக்கங்க அக்கா, தெரியாம கேட்டுட்டேன். நாம உண்மையையே சொல்லலாம். வர்றவங்ககிட்ட நீங்களே இங்க நின்னு சொல்றீங்களா?" என்று கேட்டாள்.

"நான் அதுல நின்னது போதும் பாப்பா" என்றாள் அக்கா. "சொல்றதை அவனே சொல்லட்டும். படியெல்லாம் பாசி புடிச்சிருக்கு. நாளைக்கு பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்க்கணும், இல்லேன்னா எவனாவது வழுக்கி விழுவான்." சொல்லிவிட்டு முதல் ஆளாகத் திரும்பி நடந்தாள்.

வளைவுக்குப் பக்கத்தில் ஓடிப்போய் அவளைப் பிடித்தேன். "அக்கா, அன்னைக்கு ஸ்கூல் வாசல்ல..." என்று ஆரம்பித்தேன்.

"இன்னும் நாப்பது நாற்காலி பாக்கி இருக்கு" என்றாள். நடையை நிறுத்தவில்லை.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். அன்றைக்கும் திட்டவில்லை, அதற்குப் பிறகும் திட்டவில்லை. என்னை எதற்குத்தான் திட்டமாட்டாள் அவள்! குழாயைச் சரியாக மூடாவிட்டால் திட்டுவாள், சட்டைப் பொத்தான் மாறியிருந்தால் திட்டுவாள். இதற்கு மட்டும் ஒரு வார்த்தை இல்லை. மன்னித்துவிட்டாளா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

சீசன் தொடங்கிவிட்டது. தங்க எழுத்துப் போர்டு ஸ்டோர் ரூமில் சுவரைப் பார்த்து நிற்கிறது. இப்போது தொட்டி ஓரத்தில் நின்று உள்ளதைச் சொல்கிறேன். அவுரி, நாற்றம், மட்டை, பதின்மூன்று வயதில் இறங்கி நின்ற என் அக்கா. பாலும் பன்னீரும் சொன்ன காலத்தைவிட ஜனங்கள் அமைதியாகக் கேட்கிறார்கள். சிலர் குனிந்து தொட்டியின் கல்லைத் தொட்டுப் பார்க்கிறார்கள்.

போன வாரம் ஒரு பெரியவர் கேட்டார்: "அவங்க இங்க நின்னப்ப நீங்க என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கிட்டிருந்தேன்."

அவர் கண் கலங்கிவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டார். "இதையெல்லாம் மறைக்காம நாலு பேர் முன்னாடி சொல்றீங்க பாருங்க, அதுக்குப் பெரிய மனசு வேணும். உங்கக்கா குடுத்து வச்சவங்க" என்றார். கூட இருந்தவர்களும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். பள்ளிக்கூட வாசலில் நடந்ததை அப்போதாவது சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. அவர் விடும்வரை கையைக் கொடுத்துக்கொண்டு நின்றேன்.