இருபக்கமும் முகம் உள்ள ரயில்

போன வாரம் செண்பகனூர் வளைவில் எங்கள் பஸ் நின்றுவிட்டது. பிரேக் சூடேறிக் கருகிய வாடை. எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். நான் மட்டும் நன்றாக இழுத்து முகர்ந்தேன். நியாயமாகப் பார்த்தால் எனக்குக் குலை நடுங்கியிருக்க வேண்டும். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆள் நான். ஆனால் இந்த ஒரு வாடைக்கு மட்டும் பயம் வருவதில்லை. அந்தக் காலத்து மெட்ராஸ் எலெக்ட்ரிக் ரயிலில் இதே வாடைதான் அடிக்கும்.

மலையில் கிடந்தவனுக்கு மெட்ராஸ் ரயில் எங்கே வந்தது என்று கேட்பீர்கள். அக்காவால் வந்தது. எங்கள் மலையிலேயே கிளாவரை என்கிற ஊரில் வாக்கப்பட்டிருந்தாள். அறுபதுகளில் ஒரு வருஷம் இருமல் நிற்காமல், தாம்பரத்துக்குப் பக்கத்தில் இருந்த காசநோய் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தோம். மச்சான் ஒருமுறைகூடப் போய்ப் பார்க்கவில்லை. பூண்டு எடுக்க வேண்டும் என்பார். அப்புறம் மழை என்பார். குணமாகிவிட்டது, கூட்டிப் போங்கள் என்று தகவல் வந்தபோது, அவளைத் தாய் வீட்டோடு விட்டுவிடச் சொல்லி மச்சான் ஊரில் பேச்சு. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, கோடைக்கானல் மார்க்கெட்டில் காய் பொறுக்கிக்கொண்டிருந்த நான் போய் மச்சானைக் கூப்பிட்டேன். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். ஊர்ப் பேச்சுக்கு அவர் என்ன முடிவெடுத்திருந்தார் என்று தெரியவில்லை. கோடை ரோட்டில் ரயில் ஏறியதிலிருந்து, இவர் எந்த ஸ்டேஷனில் இறங்கித் திரும்பிவிடுவாரோ என்று கண் மூடவில்லை நான்.

எக்மோரில் ஒரு சிவப்புச் சட்டைப் போர்ட்டரிடம் தாம்பரத்துக்கு வழி கேட்டோம். அதோ நிற்கிறதே டவுன் வண்டி, அதில் ஏறு என்றார். மச்சான் என் கையைப் பிடித்து இழுத்தார்.

“டவுனுக்குப் போயி நமக்கு என்ன சோலி மாப்ளே? ஆஸ்பத்திரி ஊருக்கு வெளிய கெடக்குன்னுதான சொன்னே?”

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. ரயில்காரர்கள் பாஷையில், ஊருக்குள் வருகிற வண்டி ‘அப்’, ஊரைவிட்டுப் போகிற வண்டிதான் ‘டவுன்’ என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? அதைப் போகவிட்டு, எதிர்ப்பக்கம் வந்த வண்டியில் ரொம்பத் தெளிவாக ஏறி உட்கார்ந்தோம். அது பீச் ஸ்டேஷனில் போய் நின்றது. கூட்டமெல்லாம் இறங்கிப் போய்விட்டது. உப்புக் காற்று அடித்தது. தப்பான வண்டி என்று அப்போதுதான் புரிந்தது.

மச்சான் வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்: “நீ போயிக் கூட்டியா மாப்ளே. நான் எக்மோர்ல நிக்கேன்.”

நிற்க மாட்டார். எனக்குத் தெரியும். இறங்கினால் நேரே ஊர்தான். அவர் பாதி எழுந்துவிட்டார்.

அப்போது டிரைவர், வண்டி ஓட்டுகிற கைப்பிடியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, வண்டியின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு பிளாட்பாரத்தில் நடந்து வந்தார். எங்களைப் பார்த்து எங்கே போகணும் என்று கேட்டார். தாம்பரம் என்றேன்.

“அப்ப எதுக்கு எறங்குறீங்க? இதே வண்டிதான் போவுது. குந்துங்க.”

“எங்கிட்டுப் போயித் திருப்புவீக?” என்றார் மச்சான்.

“திருப்புறதா? வால் இப்ப தலை. அவ்வளவுதான்.”

மலை வளைவில் ஒரு பஸ் முன்னுக்கும் பின்னுக்கும் போய்ப் போய்த் திரும்புவதைப் பார்த்தே வளர்ந்தவர் மச்சான். அப்படியே உட்கார்ந்துவிட்டார். வண்டி வந்த வழியே கிளம்பியது. ஜன்னலில் தலையை நீட்டிப் பார்த்தபடியே வந்தார். எக்மோர் வந்தது, போனது. நான் மூச்சு விட்டேன். ஆச்சரியத்தில் இறங்க மறந்தாரா, மனம் மாறி உட்கார்ந்திருந்தாரா, கடைசிவரை கேட்கவில்லை.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் அக்கா துணிமூட்டையோடு இருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தவள், பின்னால் வந்தவரைப் பார்த்ததும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

திரும்பும்போது மத்தியான நேரம், பெட்டியில் ஆளே இல்லை. அக்கா ஜன்னலோரம் ஒடுங்கி உட்கார்ந்தாள். மச்சான் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அவளை ஒட்டி உட்கார்ந்தார்.

“தள்ளி ஒக்காருங்க. ஆராச்சும் எதாச்சும் சொல்லுவாக.”

“எங்கிட்டுத் தள்ளுறது? எடமா கெடக்கு?” என்றார் மச்சான்.

பெட்டி முழுக்கக் காலி. நான் எதிர்ப்பக்கம் திரும்பித் தந்திக் கம்பங்களைப் பார்க்க ஆரம்பித்தேன்.

எத்தனையோ வருஷம் கழித்து அந்த ரயில் ஓடிய குறுகலான மீட்டர் கேஜ் தண்டவாளத்தைப் பெயர்த்து அகலப் பாதை போட்டார்கள். மச்சான் அப்போது இல்லை. அந்த ரயில்களைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டதாகக் கேள்விப்பட்டு அக்காவிடம் சொன்னேன். பூண்டு உரித்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

“எல்லாப் பெட்டியவுமா?”

“எல்லாத்தையும்தான்.”

“ஒண்ணையாச்சும் வச்சிருக்கலாம்” என்றாள்.