பெஞ்சில் உட்கார்ந்த தாய்மாமன்

ஃப்ளெக்ஸ் அடிக்கிற தொழிலுக்கு வந்த அன்னைக்கே ஒண்ணு தெரிஞ்சுபோச்சு: இந்த உலகத்துல எவனுக்கும் அவனவன் மூஞ்சி பிடிக்கிறதில்ல. கறுப்பைச் சிவப்பாக்கு, வழுக்கையில முடி வை, தொந்தியை வெட்டுன்னு உயிரை வாங்குவாங்க. எல்லாம் செஞ்சு முடிச்சதும் "என்னய மாதிரியே இல்லையே"ம்பாங்க. என்னை மாதிரி மவுஸைப் பிடிச்சுப் பிடிச்சு மணிக்கட்டு வீங்கிப்போன சனங்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. ஆனா கத்தாரில் உலகக் கோப்பைக் கால்பந்து நடந்துச்சே, அந்த வருசம் நான் பட்ட பாட்டை உங்ககிட்டச் சொல்லாம வேற யார்கிட்டப் போய்ச் சொல்ல?

கடை கோவில்பட்டியில. இது ஹாக்கி ஊரு. நடக்கப் பழகின பிள்ளை கையில ஒரு கருவேலங்குச்சியைக் கொடுத்தா, குனிஞ்சு பந்தைத் தேடும். காலால உதைக்கிற பந்தை இங்க யாரும் மதிச்சதே கிடையாது. அந்தக் கார்த்திகையில என்ன பேய் பிடிச்சதோ, தீப்பெட்டி ஆபீஸ்ல இருந்து டீக்கடை வரைக்கும் ஆளாளுக்கு ஒரு நாட்டைத் தத்து எடுத்துக்கிட்டாங்க. எந்த நாடு எந்தப் பக்கம் இருக்குன்னு கேட்டா மட்டும் கோபம் வரும்.

மடி வேணும்

பந்து உருள ஆரம்பிக்கிறதுக்கு முந்தியே செல்வி வந்துட்டா. புதூர்ப் பக்கம் ஒரு கிராமம். மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில உக்கார வச்சுத்தான் குத்தணும். செல்விக்கு அப்பா அம்மா இல்ல, ஒரே அண்ணன் முருகேசன், அவனும் கத்தாரில் ஸ்டேடியத்துல வேலை. நாற்காலி மாட்டுற வேலை முடிஞ்சதும் பராமரிப்புக்குன்னு பிடிச்சு வச்சுக்கிட்டாங்க. கோப்பை முடிஞ்சாத்தான் லீவு. உலகமே பந்து பார்க்க லீவு போட்டுச்சு, அதுக்கு நாற்காலி மாட்டினவனுக்கு மட்டும் லீவு இல்ல.

சரி, கோப்பை முடிஞ்ச பிறகு வச்சுக்கலாமேன்னு கேட்டேன். கோப்பை முடியும்போது மார்கழி பிறந்திரும், மார்கழியில விசேஷம் கிடையாது. தை பிறந்தா பிள்ளைக்கு நாலு வயசு, ரெட்டைப்படையில குத்த மாட்டாங்க. மாமியாரோ ஒரே வார்த்தையில முடிச்சிட்டாங்களாம்: மாமன் வரலைன்னா பிள்ளையை எங்க வீட்டு மனுசர் மடியில வச்சுக் குத்திருவோம், அதோட உன் பிறந்த வீட்டு உரிமை தீர்ந்துது. செல்வி அழலை. பேக்கைத் திறந்து ஒரு போட்டோவை எடுத்து மேஜையில வச்சா. ஹெல்மெட்டும் மஞ்சள் சட்டையுமா முருகேசன் நிக்கிறான். பேனர்ல பெருசா வச்சிருவோம்னு நான் சொன்னதுக்கு அவள் சொன்னது:

"பேனரெல்லாம் வேண்டாம்க்கா. ஆளு உசரத்துக்கு ஒரு கட்-அவுட்டு. எங்கண்ணன் உக்காந்திருக்கணும். மடி ஒண்ணு மட்டும் எப்படியாச்சும் அடிச்சுக் குடுத்துருங்க."

ஆட்டத்துக்கு முந்தின வெற்றி

நிக்கிறவனை உக்கார வைக்கிறது எப்படின்னு நான் மண்டையை உடைச்சிக்கிட்டு இருக்கையில, எப்போதும்வென்றான்ங்கிற ஊர்ல இருந்து நாலு இளவட்டங்க வந்து நின்னாங்க. அர்ஜென்டினாவோட முதல் ஆட்டம் மறுநாள் மத்தியானம். எதிரி சவுதி. ஜெயிச்ச பிறகு பேனர் அடிச்சா லேட்டாயிருமாம், அதனால 'வெற்றி வெற்றி'ன்னு முந்தின நாளே அடிச்சுக் கொடுக்கணுமாம். பத்தாம் நம்பர் ஆட்டக்காரர் நடுவுல, சுத்தி இவங்க நாலு மூஞ்சி, நாலுக்கும் கூலிங் கிளாஸ். ஒருவேளை தோத்துட்டான்னு வாயைத் திறந்தேன், என்னமோ சாபம் விட்ட மாதிரிப் பார்த்தாங்க. எனக்கென்ன, அடிச்சுக் கொடுத்தேன்.

மறுநாள் அர்ஜென்டினா தோத்துப்போச்சு. பேனர் மட்டும் ஊர் முக்குல ஜெயிச்சுக்கிட்டே நின்னுச்சு. சாயங்காலம் அந்த நாலுல ஒருத்தன் வண்டியில வந்து, கீழே ஒரு வரி சேர்த்து ஒட்டித் தர முடியுமான்னு கேட்டான். என்ன வரின்னு கேட்டேன், அவனுக்கே தெரியலை. ரெண்டு நாள் கழிச்சு அவனைப் பார்த்து, பேனரை என்னப்பா செஞ்சீங்கன்னதுக்கு:

"அவுத்து ஆட்டுக்கொட்டாய்க்கு மேல போட்டாச்சுக்கா. ஆடு என்ன ஸ்கோரா கேக்கப் போவுது, மழை ஒழுகாட்டாச் சரி."

யார் தலை பெருசு

தீப்பெட்டி ஆபீஸ் வச்சிருக்கிற ஒரு அண்ணாச்சிக்கு மணிவிழா. அவிய மகன் ஆசைப்பட்டானாம், அண்ணாச்சி பக்கத்துல அதே பத்தாம் நம்பர் நிக்கணும். நிக்க வச்சேன். அண்ணாச்சி மூக்குக்கண்ணாடியைத் துடைச்சு மாட்டிக்கிட்டு கம்ப்யூட்டரையே ரொம்ப நேரம் பார்த்தாங்க. பிறகு, அவன் தலை தன் தலையை விடப் பெருசா இருக்குன்னாங்க. குறைச்சேன். இன்னும்னாங்க. குறைக்கக் குறைக்க அந்த மனுசர் அண்ணாச்சிக்குப் பேரன் மாதிரி ஆயிட்டார். போதாததுக்கு ரெண்டு கையையும் சேர்த்துக் கும்பிட வைக்கணுமாம். வேற யார் கையையோ வெட்டி ஒட்டினேன்.

அண்ணாச்சி, அவர் உலகத்துலயே பெரிய ஆட்டக்காரர், பார்க்கிறவங்க சிரிப்பாங்கன்னு பொறுக்க மாட்டாமச் சொல்லிப் பார்த்தேன். அண்ணாச்சி அசையலை:

"உலகத்துக்கு அவன் பெரிய ஆளா இருந்துட்டுப் போறான். இந்தத் தெருவுக்கு நாந்தான்."

மடி கிடைத்தது

இதுக்கு நடுவுல செல்வியோட மடி. நல்லாச் சம்மணம் போட்ட மனுசன் படம் தேடினா, எதைத் தேடினாலும் பந்துதான் வந்து விழுது. ஓடுறான், குதிக்கிறான், புல்லுல புரண்டு அழுறான். கால்பந்துல எவன்தான் சும்மா உக்காருவான்? யோசிச்சுப் பார்த்தா ஒருத்தன் உண்டு. உள்ளே இறக்குவாங்களா மாட்டாங்களான்னு வெளியே பெஞ்சுல காத்துக்கிட்டு இருக்கிற மாத்து ஆட்டக்காரன். எந்த நாடோ, என்ன பேரோ, முழங்கால் ரெண்டையும் சேர்த்து அருமையா உக்காந்திருந்தான். அவன் கழுத்துக்கு மேல முருகேசன் தலையை வச்சேன். அளவெடுத்தாப்ல பொருந்திச்சு. நிறத்தைக் கொஞ்சம் வெளுக்கவான்னு கேட்டேன். செல்வி, வெயில்ல கறுத்தது கறுத்தபடியே இருக்கட்டும்னுட்டா. இத்தனை வருசத்துல என்கிட்ட அப்படிச் சொன்ன ஒரே கஸ்டமர் அவதான்.

மடி சபைக்குத் தகுமான்னு பார்க்க மாமியாரும் கூட வந்திருந்தாங்க. படத்தை மேலயும் கீழயும் பார்த்துட்டு முகத்தைச் சுளிச்சாங்க:

"மாமங்காரன் டவுசரோடயா சபையில உக்காருவான்? வேட்டி கட்டி விடு தாயி. முட்டு தெரியப்படாது."

காலில் என்ன

வேட்டி கட்டினேன். சட்டை மாத்தினேன். தோள்ல துண்டும் போட்டேன். அட்டையில ஒட்டி, ஓரம் வெட்டி, நானே வேன்ல ஏத்திக்கிட்டுப் போனேன். குளத்தூர்ப் பக்கம் அவங்க குலசாமி கோயில். முந்தின நாள் மழையில கரிசல் நல்லாக் குழைஞ்சு கிடந்தது. வந்த அத்தனை பேர் காலிலும் ஒரு கிலோ சகதி. கட்-அவுட்டைப் பார்த்ததும் யாரோ ஒரு பெரியவர் மாலையைக் கொண்டுவந்து போடப் போயிட்டார். செல்வி பாய்ஞ்சு பிடுங்கினா, உசுரோட இருக்கிறவனுக்கு என்ன மாலைன்னு. கட்-அவுட்டுக்கு முன்னால ஒரு முக்காலி போட்டு, மாமன் முட்டுக்குச் சரியா பிள்ளையை வைக்கிற ஏற்பாடு.

அப்பத்தான் மாமியார் பார்த்தாங்க. வேட்டி கட்டின அவசரத்துல நான் பாதத்தைக் கவனிக்கலை. வேட்டிக்குக் கீழே பளபளன்னு பச்சை பூட்ஸ், அடியில முள்ளு முள்ளா. சாமி சந்நிதியில, சபையில, செருப்புக் காலோட மாமன். செருப்போட உக்காந்தவன் மடி மடியே இல்லைன்னுட்டு, மாமியார் தன் வீட்டுக்காரரை முக்காலிக்குக் கூப்பிட்டாங்க. அவரும் துண்டை உதறிக்கிட்டு எந்திரிச்சார்.  செல்வியோட பிறந்த வீட்டையே நான் ஒரு பூட்ஸால மிதிச்சுப் போட்டேனேன்னு இருந்தது.  செல்வி, அண்ணன் அனுப்பின பணத்துல வாங்கின சீர்த்தட்டைத் தூக்கிட்டு வந்து பூட்ஸை மறைச்சு வச்சா. பிள்ளையை முக்காலியில இருத்தினா. ஆசாரியைப் பார்த்து, குத்துங்கன்னா. ஆசாரியும் குத்திட்டார்.

பிள்ளை போட்ட கத்தலுக்கு நடுவுல வீடியோ கால்ல முருகேசன் வந்தான். அதே ஹெல்மெட், அதே மஞ்சள் சட்டை, பின்னால வரிசை வரிசையா காலி நாற்காலி. செல்வி போனைத் திருப்பிக் கட்-அவுட்டைக் காட்டினா. தட்டுக்கு ஓரமா எட்டிப் பார்த்த பூட்ஸ் வரைக்கும் பார்த்துட்டான். சிரிச்சான், கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சான். பிறகு இதைச் செஞ்ச அக்காகிட்டப் போனைக் கொடுன்னான். நல்லாத் திட்டப் போறான்னு நினைச்சுத்தான் வாங்கினேன். ஸ்பீக்கர்ல சபை மொத்தமும் கேட்டுச்சு, மாமியாரும்தான்:

"யக்கா, இங்கன இந்த வரிசை சேரெல்லாம் மாட்டுனது நாங்கதான். ஒரு நாளு அசதியில ஒண்ணுல உக்காந்துட்டேன், சூப்பர்வைசர் வந்து எழுப்பி விட்டுட்டான். இந்த வருசம் என்னய உக்கார வச்சது நீங்க ஒருத்தருதான்."

அந்த வருசம் நான் அடிச்ச பத்தாம் நம்பரெல்லாம் இப்போ ஆட்டுக்கொட்டாய்க் கூரையில வெயில் காயுது, பெஞ்சுல இருந்தவன் மட்டும் செல்வி மாமியார் வீட்டு முன்னறையில, அந்தம்மாவே துணியால துடைச்சு வைக்க, பூட்ஸைக் கழட்டாம இன்னும் உக்காந்திருக்கான்.