மூட்டைக்குப் பலகை உண்டு

போன மாதம் பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கான விழா. நோட்டீசில் என்னைச் சிறப்பு விருந்தினர் என்று போட்டிருந்தார்கள். போய்ப் பார்த்தால் விழா மாடியில், சாப்பாடு கீழே. சரி, பாதி நிகழ்ச்சிக்காவது நம்மை அனுமதிக்கிறார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

"லிஃப்ட் இருக்கு சார். சாவி வாட்ச்மேன்கிட்ட இருக்கு. வாட்ச்மேன் சாப்பிடப் போயிருக்காரு" என்றார் வாசலில் நின்ற விழாக்காரர்.

வாட்ச்மேன் நிதானமாகச் சாப்பிடுகிறவர். ஒருவழியாக மேலே போனால், காது கேளாதவர்களை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் உட்கார வைத்திருந்தார்கள். சத்தம் கூடுதலாக இருந்தால் கேட்டுவிடும் என்று யாரோ யோசித்திருக்கிறார். கைஜாடையில் சொல்ல ஆள் இல்லை. ஒரு அதிகாரி சுவரில் படம் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார். "இந்தப் படத்துல நீங்க பார்க்குற மாதிரி" என்று அவர் அடிக்கடி சொன்னார். எனக்குப் பக்கத்தில் இருந்தவருக்குப் பார்வை கிடையாது. என் தொடையைத் தட்டினார்.

"என்ன சார் படம்?"

"சாய்வுப் பாதை. கைப்பிடியெல்லாம் வச்சு ரொம்ப அழகா இருக்கு."

"எந்த ஊர்ல?"

"நம்ம ஊர் மாதிரி தெரியல."

இரண்டு பேரும் சிரித்தோம். வீட்டுக்கு வந்ததும் ஆத்திரத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை என்று எழுதினால் நன்றாக இருக்கும். ஆனால் அங்கேயே இரண்டாம் தடவை சாம்பார் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவன் நான். ஆத்திரம் மட்டும் நிஜம். அதற்கு ஏறக்குறைய என் வயசு.

என் இளவயதில் எங்கள் தெரு நீடாமங்கலத்துக்கு வடக்கே வாய்க்கால் கரையில் ஒரு வரிசைக் குடிசை. மண் பண்ணையுடையது, சுவர் எங்களுடையது. கூலி உயர்வு கேட்டுச் சங்கக் கொடி ஏற்றிய நாளிலிருந்து, "குடிசையப் பிரிச்சுக்கிட்டுக் கெளம்புங்க" என்று சொல்வது பண்ணையின் காரியக்காரருக்குக் காலை வணக்கம் மாதிரி ஆகிவிட்டது. அப்புறம் ஆட்சி மாறியது. குடியிருக்கிற மனை குடியிருக்கிறவனுக்கே என்று சட்டம் வந்தது. பண்ணை சும்மா இருக்குமா? எங்கள் குடிசையில் யாரும் குடியில்லை, அது பண்ணையின் மாட்டுக்கொட்டகை என்று மனு போட்டது. விசாரிக்க வந்த தாசில்தாரிடம் என் அம்மா என்னைச் சுட்டிக்காட்டினாள்.

"ஆமாங்க, கொட்டகைதாங்க. இதுதாங்க மாடு. சாயங்காலமானா ரெண்டு இட்லி கேக்கும்."

தாசில்தார் சிரித்துவிட்டார். அப்பா போய்ச் சேர்ந்துவிட்டதால் பட்டா என் பெயரில் எழுதப்பட்டது.

எனக்கு இளம்பிள்ளை வாதம் வந்து வலது கால் சூம்பியது. வலது கையால் முழங்காலை அழுத்திப் பிடித்துக்கொண்டு, இடது கையில் மூங்கில் கழியோடு நடப்பேன். காலுக்குக் கொடுக்காததையெல்லாம் சேர்த்துத் தொண்டைக்குக் கொடுத்துவிட்டான் கடவுள். மைக் செட் கடையில் வேலை. பட்டா வழங்கும் விழாவுக்கு அமைச்சர் வருகிறார் என்றதும், மாட்டுவண்டியில் குழாயைக் கட்டி ஊர் ஊராகக் கத்தியவன் நான்தான். "ஏழை எளியோரே, அனைவரும் திரண்டு வாரீர்!" அனைவரும் என்பதில் நானும் சேர்த்தி என்று நம்பிக்கொண்டுதான் கத்தினேன்.

விழா அரிசி மில் களத்தில். முதல் நாள் மைக் கட்டப் போனபோது மேடையைப் பார்த்தேன். கூட்டத்தில் கடைசி ஆளுக்கும் அமைச்சர் தெரிய வேண்டுமாம். காலி டிரம்களை அடுக்கிப் பலகை பரப்பி, என் நெஞ்சு உயரத்துக்குக் கட்டியிருந்தார்கள். ஏறுவதற்கு முதலில் ஒரு முக்காலி, அதை ஒட்டி அதைவிட உயரமாக ஒரு பெஞ்சு. பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. அந்த மேடைக்குப் பத்தடி தள்ளி ஒரு லாரி நின்றது. அதற்கு ஒரு நீளப் பலகையைச் சாய்த்துப் போட்டு, சுமை தூக்குகிறவர்கள் நெல் மூட்டையோடு சர்சரென்று ஏறிக்கொண்டிருந்தார்கள். வழுக்காமல் இருக்கப் பலகையில் குறுக்குச் சட்டம்கூட அடித்திருந்தது.

பந்தல்காரரிடம் போனேன்.

"அண்ணே, நாளைக்கு அந்தப் பலகைய மேடைக்குச் சாச்சுப் போட்டீங்கன்னா நானும் ஏறிடுவேன்."

"அமைச்சர் ஏறுற மேடைடா தம்பி. பலகை போட்டா லோடு ஏத்துற மாதிரி இருக்கும்."

"நானும் லோடுதாண்ணே."

"ஒன்ன நம்ம பயலுவ நாலு பேரு அலாக்காத் தூக்கி வச்சிடுவானுவ. தொண்டனுங்க எதுக்கு இருக்கானுவ?"

இந்தத் தூக்குதலைப் பற்றித் தூக்குகிறவர்கள் யாரும் யோசிப்பதில்லை. பஸ்ஸில், சினிமாக் கொட்டகையில், கோயிலில் என்னைத் தூக்கியிருக்கிறார்கள். ஒருத்தன் அக்குளில் கை கொடுப்பான், ஒருத்தன் நல்ல காலைப் பிடிப்பான், சூம்பின காலைப் பிடிக்க அருவருத்துக்கொண்டு மூன்றாமவன் விட்டுவிடுவான். அது தனியாக ஆடும். வேட்டிக்கு யாரும் பொறுப்பில்லை. இறக்கி வைத்ததும் எல்லோரும் புண்ணியம் சேர்ந்த முகத்தோடு என்னைப் பார்ப்பார்கள். நான் நன்றி சொல்ல வேண்டும், வேட்டியைத் தேடிக்கொண்டே.

மறுநாள் களம் நிறைந்துவிட்டது. எடுத்ததும் தாசில்தார் மைக்கில் ஒரு விஷயம் சொன்னார். பட்டாதாரர் தானே மேடைக்கு வந்து அமைச்சர் கையால் வாங்க வேண்டும். வராதவர்களுடையது ஆபீசுக்குத் திரும்பும், மறுபடி விசாரணை நடக்கும். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த காரியக்காரர் கால்மேல் கால் போட்டுக்கொண்டார். மறுவிசாரணை என்றால் ஊர் நிலக்கணக்கு வைத்திருக்கும் கர்ணம் பண்ணை பக்கம்தான் பேசுவார் என்று எங்கள் தெருவில் குஞ்சு குளுவானுக்கும் தெரியும். அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"தூக்குனா தூக்கட்டும்டா. மனை போனா எங்க போயிப் படுக்கிறது?"

அவள் சொன்னதில் தப்பில்லை. ஆனால் நான் சட்டையை விடுவித்துக்கொண்டேன். இந்தச் சட்டமே எங்களைத் தலைநிமிர்ந்து நிற்க வைக்கத்தான் வந்தது என்று ஊரெல்லாம் குழாய் வைத்துக் கத்தினோமே. அதை நான் மல்லாந்து கிடந்தா வாங்குவது?

என் பெயரைக் கூப்பிட்டார்கள். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு தொண்டர்கள் ஓடி வந்தார்கள். நான் களத்திலேயே சப்பணம் போட முயன்றேன். என் காலுக்குச் சப்பணம் வராது, பாதிச் சப்பணம் போட்டு உட்கார்ந்தேன்.

"தொட்டீங்க, கத்துவேன்."

கட்சிக் கிளைச் செயலாளர் குனிந்து காதோடு சொன்னார். "அமைச்சர் முன்னாடி கட்சி மானத்த வாங்காதடா."

"என் மானத்தத் தூக்குறதுக்குத்தான்ணே நாலு பேரு நிக்கிறாங்க."

மேடையிலிருந்து குரல் வந்தது. "ஆள் வரலையா? அடுத்த ஆளைக் கூப்பிடு."

"வந்திருக்கான்ங்க! கண்ணு முன்னாடி உக்காந்திருக்கான்!" என்று அம்மா அலறினாள்.

எனக்கு மைக் தேவையில்லை. "ஐயா, ஆள் இருக்கேன். படிதான் இல்ல!" என்று ஒரு சத்தம் போட்டேன். களம் முழுக்கக் கேட்டது. "இந்த மில்லுல நெல்லு மூட்டை ஏறப் பலகை இருக்கு. பட்டா வாங்குறவன் ஏற இல்ல. நெல்ல வெளைய வச்சவங்களவிட நெல்லு பெரிய மனுசனாங்க?"

சிலர் சிரித்தார்கள். சுமை தூக்குகிறவர்கள் சிரிக்கவில்லை. அவர்களில் பாதிப் பேருக்கு அன்றைக்குப் பட்டா. இரண்டு பேர் எழுந்து லாரிப் பக்கம் போனார்கள். பலகையைத் தோளில் போட்டுக் கொண்டுவந்து மேடை விளிம்பில் தடாலென்று சாய்த்தார்கள். பந்தல்காரர் "ஏய், ஏய்" என்றார். அவ்வளவுதான் அவரால் முடிந்தது.

ஏறினேன். பலகை குதித்தது. பாதியில் நின்று மூச்சு வாங்கினேன். "பாத்து, பாத்து" என்று நூறு குரல். இந்த 'பாத்து'வைப் பலகையாக அடித்திருந்தால் தஞ்சாவூர் வரைக்கும் போட்டிருக்கலாம்.

அமைச்சர் நல்ல மனிதர். எழுந்து நின்று பட்டாவைக் கொடுத்தார். போட்டோக்காரர் மட்டும், "தம்பி, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க, கால் தெரியட்டும்" என்றார். திரும்பவில்லை. அமைச்சர் மைக்கைப் பிடித்து, இந்த இளைஞனின் தன்னம்பிக்கையைப் பாருங்கள் என்று ஆரம்பித்தார். கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தன்னம்பிக்கை இல்லாதவன் வீடில்லாமல் போகலாமா? பலகை போடாத ஊரை யாருமே எதுவும் சொல்லவில்லை. பலகையில் ஏறியவனுக்குத்தான் பாராட்டு.

பேச்சு முடிந்து திரும்பினால் பலகையைக் காணோம்.

"படத்துல அசிங்கமா விழுதுன்னு எடுத்துட்டாங்க தம்பி" என்றார் தாசில்தார். "கொஞ்சம் ஓரமா உக்காருங்க. முடிஞ்சதும் எறக்கிடலாம்."

அமைச்சர் நாற்காலிக்குப் பின்னால் மேடைப் பலகையிலேயே உட்கார்ந்தேன். ஒரு தேர்தலுக்குத் தேவையான பேச்சு அத்தனையையும் அன்றைக்கே பேசி முடித்தார்கள். குடித்த சோடா வேறு வயிற்றுக்குள் தன் பங்குக்குப் பேச ஆரம்பித்தது. நாட்டுப்பண்ணின்போது எழுந்து நிற்கவில்லை என்று ஒருத்தர் முறைத்தார்.

கார்கள் கிளம்பின. அம்மா மேடையோரம் வந்து கையை நீட்டினாள்.

"அதக் குடு."

கொடுத்தேன். எழுத்துத் தெரியாதவள், இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"காரியக்காரன் வண்டி நம்ம தெருப் பக்கந்தான் போவுது. அவன் ஏதாச்சும் பண்றதுக்குள்ள நான் போயி வேலிய நட்டுப்புடறேன். மூங்கி முள்ளு வெட்டிப் போட்டுருக்கு. நீ மெதுவா வா."

"எப்படிம்மா வர்றது?"

"பட்டா வாங்குனவனுக்கு வரத் தெரியாதா?" என்று போயேவிட்டாள். அவள் நடக்கிற வேகத்தைப் பார்த்தால் இருட்டுவதற்குள் வாய்க்கால் வரைக்கும் வேலி முடிந்துவிடும் என்று தெரிந்தது. முடிந்தது.

களம் காலி. நெல் லாரி பலகையோடு எப்போதோ போய்விட்டது. பந்தல்காரரின் ஆட்கள் மேடையைப் பிரிக்க வந்தார்கள். ஒருத்தர் என் தோளைத் தட்டினார்.

"எந்திரிங்க தம்பி, பலகைய உருவணும். தூக்கி எறக்கி விட்டுடவா?"

"வேணாம்ண்ணே" என்றேன். "நீங்க பாட்டுக்குப் பிரிங்க. தரை வந்ததும் சொல்லுங்க."