பிலோமினா அக்கா மாற்றிச் சொன்ன ஒரு வசனம்

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் என் கடைக்கு வந்த மரக்கறிப் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. பிலோமினா அக்காவின் பெறாமகள் ஜெனிற்றா. "அங்கிள், பெரியம்மா மோசம் போயிட்டா," என்றாள். வழக்கமாக என்னோடு ஆங்கிலத்தில் பேசுகிற பிள்ளை, அன்று சாவுச் செய்தியைத் தமிழிலேயே சொன்னாள். நான் கத்தரிக்காய்ப் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். யாரோ தேங்காய் விலை கேட்டார்கள். பதில் சொன்னேனா என்று நினைவில்லை.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பிலோமினா அருளப்பு மன்னாரில் பிறந்தவர். கொழும்பில் பாராளுமன்ற உரைபெயர்ப்பாளராக இருபது வருடங்களுக்கு மேல் பணியாற்றியவர். சபையில் சிங்களத்தில் பேசப்படுவதை அந்தக் கணமே தமிழில் சொல்ல வேண்டும். அதற்காக மண்டபத்தின் ஓரத்தில் ஒரு கண்ணாடி அறை இருந்தது. தமிழ் உறுப்பினர்கள் காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு அவருடைய குரலில்தான் நாட்டின் அரசியலைக் கேட்டார்கள். மொழிச் சட்டம் வந்ததையும், ஒப்பந்தங்கள் எழுதிக் கிழிக்கப்பட்டதையும், நாடு குடியரசாகப் பெயர் மாற்றிக்கொண்டதையும் அவர் அந்த அறைக்குள் இருந்தே பார்த்தார். எண்பத்துமூன்று கலவரத்தில் வீடு எரிந்தபின் லண்டன் வந்தார். இங்கும் அதே வேலைதான். அகதி விண்ணப்பம் செய்த எங்களுக்காக வழக்கறிஞர் அலுவலகங்களில் உரைபெயர்த்தார்.

எனக்கு அவர் அறிமுகமானதும் அப்படி ஓர் அலுவலகத்தில்தான். இங்கிலாந்துக்கு ஏன் வந்தீர் என்று வழக்கறிஞர் கேட்டார். பதற்றத்தில் நான், "மச்சான் இங்கை இருக்கிறான். குளிர் தாங்கலாம் எண்டு சொன்னவன்," என்றேன். அக்கா அதை ஒரு சொல் குறையாமல் ஆங்கிலத்தில் சொன்னார். இரண்டு தரம் தடுப்பு முகாமில் அடிவாங்கிய மனிதன், குளிர் தாங்கலாம் என்று விமானம் ஏறியதாகப் பதிவாகிறது. "அக்கா, கொஞ்சம் திருத்திச் சொல்லுங்கோவன்," என்று கெஞ்சினேன். அந்த மனுசி அதையும் மொழிபெயர்த்துவிட்டார். வழக்கறிஞர் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார்.

அக்கா சிரிக்கவில்லை. "தம்பி, உம்மட வாயிலை வந்ததைத்தான் நான் சொல்லுவன். வேறை சொல்ல வேணுமெண்டால் நீர் வேறை சொல்லும்," என்றார். சொன்னேன். முகாமில் நடந்ததை நான் அழுதழுது சொல்லச் சொல்ல, அதையும் ஒரு சொல் குறையாமல் சொன்னார். என் விண்ணப்பம் ஏற்றுக்கொள்ளப்பட்டபின் வழக்கறிஞர், அந்தக் குளிர்க் கதைதான் உம்மில் நம்பிக்கை வரச் செய்தது, பொய் சொல்பவன் இவ்வளவு மோசமாகத் தொடங்கமாட்டான் என்றார்.

அதன்பின் ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து அக்கா வீடு திரும்பும் நேரம் பார்த்து நானும் போய்விடுவேன். நான் கோயிலுக்கே ஒழுங்காகப் போகாத சைவன். தேத்தண்ணியும் மீன் பணிஸும் கிடைக்கும், கூடவே பாராளுமன்றமும் கிடைக்கும். "அந்த அறைக்குள்ளை 'அவர் சொல்லுறார்' எண்டு சொல்லக்கூடாது, 'நான்' எண்டுதான் சொல்லவேணும். காலமை நான் மந்திரி. பத்து நிமிசத்தாலை நான் எதிர்க்கட்சி. தமிழருக்கு ஒண்டும் குடுக்க ஏலாது எண்டும் நான்தான் தமிழிலை சொன்னனான்," என்பார். சபையில் மேசையில் அடித்துச் சண்டை போட்டவர்கள், பிறகு சிற்றுண்டிச்சாலையில் கடலைப் பார்த்தபடி ஒரே தட்டில் கட்லட் எடுத்துத் தின்ற கதைகளைச் சொல்வார். நாடு எப்படியும் சரிவந்துவிடும் என்று எல்லோரும் நம்பிய வருடங்கள் அவை. என்னை அடித்து விரட்டிய நாட்டின் மேல் எனக்கு ஆசை வந்தது, லண்டனில், அக்காவின் அந்தச் சின்ன அறையில்தான்.

ஒரு ஞாயிறு, நான் கெட்டிக்காரத்தனம் காட்ட நினைத்து 'தலையாட்டி எம்.பி.' கதையை எடுத்தேன். வடக்கில் எங்கள் தொகுதியில் அது எல்லோருக்கும் தெரிந்த கதை. மொழிச் சட்டக் காலத்தில் அரசாங்க உறுப்பினர் ஒருவர், சட்டம் பிடிக்காத தமிழர் கப்பல் ஏறட்டும் என்று சபையில் பேசினார். முன் வரிசையில் இருந்த எங்கள் எம்.பி. அதற்குத் தலையாட்டினார். பத்திரிகையாளர்கள் மேலே இருந்து பார்த்து எழுதிவிட்டார்கள். அடுத்த தேர்தலில் மனிதர் தோற்றார், பிறகு தலையெடுக்கவே இல்லை. சின்ன வயதில் நாங்கள் அவருடைய வீட்டு மதிலடியில் நின்று தலையாட்டிக் காட்டியிருக்கிறோம்.

நான் சிரித்தேன். அக்கா கையில் இருந்த கோப்பையைக் கீழே வைத்தார்.

"அண்டைக்கு அறைக்குள்ளை இருந்தது நான்தான்," என்றார். "அந்தக் கிழமை முழுக்க அப்பிடிப் பேச்சுத்தான். எம்.பி. ஐயாவின்ர முகம் வாடிப்போயிருந்தது. கப்பல் ஏறட்டும் எண்டு அவருக்குச் சொல்ல எனக்கு வாய் வரேல்லை. பிடிக்காதவர்களும் காலப்போக்கில் எங்களோடு சேர்ந்து வாழ்வார்கள் எண்டு மாத்திச் சொல்லிப்போட்டன். அதைக் கேட்டுத்தான் அவர் தலையாட்டினவர்."

ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்டேன். "வேலை போயிருக்கும். வீட்டிலை ஆறு பேர் என்னை நம்பி. நாளைக்குச் சொல்லுவம் எண்டு நினைச்சன். ஒவ்வொரு நாளும் நாளைக்கெண்டே போச்சுது," என்றார். ஒரே ஒரு வசனத்தில் ஒரு மனிதருடைய பெயரைக் கெடுத்துவிட்டேன் என்று அழுதார். வழக்கறிஞர் அலுவலகத்தில் அவர் ஏன் கல்லாக இருந்தார் என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது. மதிலடியில் நின்றதை நினைக்க வெட்கமாகவும் இருந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எம்.பி. ஐயா விம்பிள்டனில் இருந்த மகளிடம் வந்து சேர்ந்தார். லண்டன் எட்மண்டனில் எங்கள் சங்கத்தின் சனிக்கிழமைக் கூட்டத்துக்கு, சுதந்திரத்துக்குப் பிந்திய முதல் இருபது வருடங்களைப் பற்றிப் பேச அவரை நான்தான் அழைத்தேன். அக்காவுக்கும் சொன்னேன். வெள்ளைச் சேலையில் வந்து கடைசி வரிசையில் இருந்தார்.

ஐயா நன்றாகத்தான் பேசினார். கேள்வி நேரத்தில் ஒருவர் எழுந்து, "ஐயா, கப்பல் ஏறச் சொன்னவனுக்குத் தலையாட்டினது நீங்கள்தானே?" என்று கேட்டார். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். நான் ஒலிவாங்கியை வாங்க எழுவதற்குள் அக்கா எழுந்துவிட்டார். அன்று என்னிடம் சொன்னதை, கூட்டியும் குறைத்தும் சொல்லாமல், எண்பது பேருக்கு முன்னால் சொன்னார். "ஐயாவிலை பிழை இல்லை. பிழை என்னிலை. நீங்கள் ஏசுறதெண்டால் என்னை ஏசுங்கோ," என்று முடித்தார். கோபத்தோடு சில முகங்கள் அவர் பக்கம் திரும்பின.

ஐயா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஒலிவாங்கிக்குக் கிட்டக் குனிந்து, "பிள்ளை, நீர் என்ன சொன்னனீர் எண்டு எனக்குத் தெரியாது. அண்டைக்கு மத்தியானம் புட்டும் கணவாய்க் கறியும் நல்லாச் சாப்பிட்டிட்டன். ஹெட்ஃபோனைக் கழட்டி வைச்சிட்டு நான் நித்திரை. தலை ஆடினது தூக்கத்திலை," என்றார். மண்டபம் இடிந்துவிழும்படி சிரித்தது.

திரும்பி வரும் பேருந்தில் அக்காவுக்கும் சிரிப்பு அடங்கவில்லை. "அந்த மனுசன் நித்திரை கொண்டதுக்கு நான் முப்பத்தஞ்சு வருசமா நித்திரை இல்லாமல் இருந்திருக்கிறன்," என்றார். பத்து வயது குறைந்தவர் போல இருந்தார். கடைசி வருடங்களில் அவர் அந்தக் கதையைத் தானே எடுத்து, கணவாய்க் கறியில் நிறுத்தி, ஆட்களைச் சிரிக்க வைப்பார். அந்தச் சந்தோசத்தைக் கண்கொண்டு பார்த்தவன் நான்.

அடக்கத்துக்கு ஐயா சக்கர நாற்காலியில் வந்தார். தொண்ணூறை நெருங்கும் வயது. பாதிரியார் செபம் முடித்துப் போனபின் மகளை அப்பால் நிற்கச் சொல்லிவிட்டு என் கையைப் பிடித்தார்.

"தம்பி, அண்டைக்கு நான் நித்திரை இல்லை. எனக்குச் சிங்களம் விளங்கும். ஒரு காதிலைதான் ஹெட்ஃபோன் போடுறனான். கப்பல் எண்டு அவன் சொன்னது இந்தக் காதிலை விழுந்தது. மற்றக் காதிலை அந்தப் பிள்ளையின்ர குரல் ஒருக்கா நிண்டு, பிறகு வேறை ஒண்டைச் சொன்னது. நிமிர்ந்து பாத்தன். கண்ணாடிக்குப் பின்னாலை நிண்டு கண்ணைத் துடைக்குது. நான் தலையாட்டினது அவனுக்கில்லை, அந்தப் பிள்ளைக்கு."

இதை ஏன் அக்காவிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "அப்ப வெளியிலை சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளையின்ர வேலை போயிருக்கும். பிறகு சொல்லியிருந்தால், தன்னாலைதான் நான் கெட்டனான் எண்டு சாகும்வரைக்கும் நினைச்சிருக்கும். நித்திரை எண்டால் சிரிச்சிட்டு விட்டிடும்," என்றார். பிறகு, "அந்தச் சபையிலை எங்களுக்காக ஒரு ஆள் கலங்கினது. இப்ப நீர் அதை எழுதலாம்," என்றார்.

எழுதிவிட்டேன், அக்கா. உங்களுக்குத்தான் அவர் தலையாட்டியிருக்கிறார். நிம்மதியாகப் போய் வாருங்கள்.