அவருக்குத் தெரிந்த ஒரே நம்பர்

எங்க வீட்டுக்காரருக்கு என் பெயர் மறந்துபோய் வெகு நாளாகிறது. ஊர்ப் பெயரும் போய்விட்டது. சாப்பிட்டோமா இல்லையா என்பதுகூட மனசில் நிற்பதில்லை. ஆனால் யாராவது தோளைத் தொட்டு, "தாத்தா, உன் வூடு எங்க?" என்று கேட்டால் விறைப்பாக நிமிர்ந்து என் போன் நம்பரைச் சொல்லுவார். இரண்டு இரண்டாகப் பிரித்து, நடுநடுவே மூச்சு விட்டு, ஒன்றுகூடப் பிசகாமல் சொல்லுவார்.

எங்கள் கழனி கம்பெனிக்குப் போன பிறகு, அதே கம்பெனியின் கேட்டில் வாட்ச்மேனாக உட்கார்ந்தவர் அவர். லாரி வந்து நின்றால் அதன் நம்பரைப் படித்து உள்ளே இருக்கிற ஆளுக்குக் கத்திச் சொல்ல வேண்டும். காலையில் போன வண்டிதான் சாயங்காலம் வெளியே வருகிறதா என்று பார்க்க வேண்டும். வீட்டுக்கு வந்து சோறு தின்னும்போதும் வாய் நம்பரையே முணுமுணுக்கும். போன் வாங்கிய அன்று அந்த நம்பரையும் ஒரு லாரி நம்பர் மாதிரி ஏற்றிக்கொண்டார். சிம் அவர் பெயரில் இருந்தது, போன் என் இடுப்பில் இருந்தது.

மறதி வந்ததும் கம்பெனியில் நிறுத்திவிட்டார்கள். அவர்தான் நிற்கவில்லை. விடிந்தால் வாட்ச்மேன் சட்டையை மாட்டிக்கொண்டு மண்ணூர்ப் பக்கம் கம்பெனி பஸ் நிற்கும் இடத்துக்குப் போவார். எந்த பஸ் வந்தாலும் ஏறிவிடுவார். நான் ஆஸ்டல் பிள்ளைகள் சாப்பிடுகிற மெஸ்ஸில் பாத்திரம் கழுவுகிறேன். அங்கே அவரைக் கூட்டிப்போக முடியாது. கதவைப் பூட்டிவிட்டுப் போய்ப் பார்த்தேன், உள்ளேயிருந்து அடித்து அடித்துக் கையெல்லாம் ரத்தம். அதன் பிறகு பூட்டவில்லை. எங்களுக்குப் பிள்ளை கிடையாது.

போனவர் எங்கேயாவது இறங்குவார், யாராவது கேட்பார்கள், நம்பரைச் சொல்லுவார், என் போன் அடிக்கும். "ஆயா, உங்க வூட்டுக்காரு ஒரகடம் கூட்டு ரோட்டுல டீக்கடையாண்ட ஒக்காந்துகினு கீறாரு, வந்து இட்டுகினு போ" என்பார்கள். ஷேர் ஆட்டோ ஏறிப் போய்க் கூட்டி வருவேன். இப்படித்தான் எங்கள் நாள் ஓடியது. அந்த போன் இருந்ததால் எனக்கு அது பெரிய கஷ்டமாகத் தெரியவில்லை.

முன்பெல்லாம் கொஞ்சம் காசு போட்டு வைத்தால் வருகிற போன் வந்துகொண்டே இருக்கும். பிறகு, மாசா மாசம் ரீசார்ஜ் போட்டால்தான் வருகிறதும் வரும் என்றார்கள். அவர்கள் மாசம் நம் மாசத்தைவிடச் சின்னது, இருபத்தெட்டு நாள்தான். அப்புறம் இருந்த சின்ன பிளானையும் எடுத்துவிட்டார்கள். நெட்டோடு சேர்த்துப் பெரிதாகத்தான் போட வேண்டுமாம். என்னுடையது பட்டன் போன். நெட்டை வாங்கி நான் எங்கே வைப்பது?

ரீசார்ஜ் கடை வைத்திருக்கிற பெண் எங்கள் தெருவுக்கு வாழ வந்தவள். வாழைப்பழத் தாருக்கும் சோப்பு வில்லைகளுக்கும் நடுவில் தலை மட்டும் தெரிய உட்கார்ந்திருப்பாள். அவளிடம் மட்டும் நான் கொஞ்சம் வாய் திறந்து பேசுவேன்.

"நான் யாருக்கும் போன் பண்றதில்லையேம்மா. வர்றது வந்தா போதும்."

"வர்றதுக்குத்தான் பெரிம்மா துட்டு கேக்குறான். நீ பேசினாலும் அதான், வாய மூடிகினு இருந்தாலும் அதான்."

"வேற கம்பெனிக்கு மாத்திக்கினா?"

"அவன் ஏத்தி ஒரு வாரம் ஆவல, இவனும் ஏத்திட்டான். முன்ன எத்தினி கம்பெனி இருந்துச்சு, என் கடையில போர்டு மாட்ட செவுரு பத்தாது. எல்லாம் பூட்டானுங்க. இப்ப ரெண்டு பேருதான். ஒன்னு மாமியார் வூடு, இன்னொன்னு நாத்தனார் வூடு. எங்க போனாலும் இடிதான் உனக்கு."

மெஸ்ஸில் அப்போது எனக்கு ஒரு வேளை வேலையைக் குறைத்திருந்தார்கள். அவருக்குத் தரவேண்டிய மாத்திரையை ஒன்றுவிட்டு ஒரு நாள் கொடுத்துக்கொண்டிருந்தேன். கையைப் பிசைந்துகொண்டு அங்கேயே நின்றேன். அவள்தான் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"மூணாவதா ஒருத்தன் கீறான். பாதி வெலதான். டவருதான் கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும்."

"நம்பரு அதேதான இருக்கும்?"

"அதேதான்."

எனக்கு அது போதும் என்று பட்டது. டவர் என்றால் என்ன, அது முன்னே பின்னே இருந்தால் என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை.

சிம் அவர் பெயரில் இருந்ததால் அவரைக் கூட்டிப்போய்ப் படம் பிடிக்க வேண்டியிருந்தது. "கண்ண ஒருக்கா மூடித் தொற பெரிப்பா" என்று அவள் போனை நீட்டினாள். அவர் போனுக்கு சல்யூட் அடித்தார். அவள் சிரித்தாள், நானும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தேன். பிறகு எப்படியோ கண்ணைச் சிமிட்டி வேலை முடிந்தது.

புது சிம் வந்தது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் பெரிய தகர ஷெட்டு, முன்னால் கம்பெனி மதில். போனில் டவர் காட்டுகிற கோடு வீட்டில் ஒன்றுகூட வரவில்லை, மெஸ்ஸிலும் இல்லை. தெருவில் வந்து வந்து போனது. ஏரிக்கரை மேலே மதகுப் பக்கம் நின்றால் மட்டும் இரண்டு கோடு நிற்கும். அந்த நாட்களில் நல்ல மழை. மழையில் அவர் வெளியே போக மாட்டார். அதனால் எனக்கு உறைக்கவில்லை.

மழை விட்ட அன்று மெஸ்ஸிலிருந்து திரும்பினால் ஆணியில் சட்டை இல்லை. போனில் கோடும் இல்லை. பஸ் நிற்கும் இடத்துக்கு ஓடினேன். ஷிப்ட் பஸ்ஸெல்லாம் போய் வெகு நேரமாகியிருந்தது. ஆம்பிளைகள் முகம் பார்த்துப் பேசிப் பழகாதவள் நான். அன்று ஆட்டோ ஸ்டாண்டில் ஒவ்வொருவர் எதிரிலும் போய் நின்றேன். யாரும் பார்க்கவில்லை.

கடைக்கு ஓடிவந்து போனை அவளிடம் காட்டினேன். அவளே புரிந்துகொண்டு என் நம்பரை அவள் போனில் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு பெண் குரல் நிதானமாகச் சொன்னது. போன் என் கையில் இருக்கிறது. நான் அவள் எதிரில் நிற்கிறேன். காலையிலிருந்து யார் கூப்பிட்டிருந்தாலும் இந்தக் குரல்தான் பதில் சொல்லியிருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. அரிசி மூட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

"நான் போயி தேடிகினு வர்றேன்."

"எங்கன்னு தேடுவ? படப்பையா, மணிமங்கலமா, ஒரகடமா? நீ ஆட்டோல போற நேரத்துல எவனாச்சும் கூப்ட்டா? கூட்டு ரோட்டுல டவர் கெடைக்கும், வழியில கெடைக்காது. நீ ஏரிக்கரைக்குப் போ பெரிம்மா. அசையாத நில்லு. பஸ்காரங்கள நான் விசாரிக்கிறேன்."

தேடப் போனால் போன் வராது. போனுக்காக நின்றால் தேட முடியாது. நான் ஏரிக்கரைக்குப் போனேன்.

மதகின் மேல் நின்றால் இரண்டு கோடு, உட்கார்ந்தால் ஒன்று. ஆகவே நின்றேன். அங்கிருந்து பார்த்தால் தூரத்தில் மெயின் ரோடு தெரியும். கண்டெய்னர் லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. லாரி வந்தால் நம்பரைப் படிக்க அதன் முன்னாலேயே போய் நின்றுவிடுவார். கேட்டில் லாரி நிற்கும். ரோட்டில் யார் நிறுத்துவார்கள்? ஒவ்வொரு லாரியையும் அது கண்ணிலிருந்து மறைகிறவரை பார்த்தேன்.

மறுபடி தூறல் போட்டது. போனை முந்தானைக்குள் வைத்தேன். உள்ளே வைத்தால் கோடு போய்விடுமோ என்று வெளியே எடுத்தேன். நனைந்து கெட்டுவிடுமோ என்று பால் பாக்கெட் கவரில் சுற்றினேன். அப்போது அடித்தது. பட்டனை அமுக்கினால், ஒரு பாட்டு. கூப்பிடுகிறவர்களுக்கு இந்தப் பாட்டைக் கேட்கவைக்க ஒன்றை அழுத்துங்கள் என்றது. சிம் கம்பெனியே போட்ட போன். இந்த நேரத்தில் அவரைப் பார்த்தவர்கள் கூப்பிட்டால்? அதை எப்படி நிறுத்துவது என்று தெரியாமல் எல்லாப் பட்டனையும் அமுக்கினேன். அது முடியும்வரை முடியவில்லை. ஏரியைப் பார்த்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதேன்.

மதியத்துக்கு மேல் மறுபடி அடித்தது. தெற்கத்திப் பேச்சு, சின்னப் பெண் குரல்.

"பாட்டியா? தாத்தா எங்க கம்பெனி செக்யூரிட்டி ரூம்ல இருக்காவ. பயப்படாதிய."

"நல்லா கீறாரா?"

"நல்லாத்தான் இருக்காவ. காலைல எங்க பஸ்லதான் ஏறுனாவ. நம்பர் கேட்டதும் கடகடன்னு சொல்லிட்டாவ. திரும்பத் திரும்பப் போட்டேன் பாட்டி, எல்லைக்கு வெளியன்னே சொல்லுது. உள்ள போனா போன லாக்கர்ல வச்சிரணும்லா, ஷிப்ட் முடிஞ்சு இப்பதான் எடுத்தேன்."

"சாப்ட்டாரா?"

"செக்யூரிட்டி அண்ணாச்சி டீயும் பன்னும் குடுத்தாவ. கேட்ல நின்னு வார வண்டிக்கெல்லாம் சல்யூட் அடிக்காவ, அண்ணாச்சிக்கு வேலையே இல்ல இன்னைக்கு. இருங்க, தாத்தாட்ட குடுக்கேன்."

மூச்சுச் சத்தம் கேட்டது. "நான்தான்" என்றேன். அவர் என் நம்பரை என்னிடமே சொன்னார், இரண்டு இரண்டாக, முழுசாக. "ஆமா, அது நான்தான்" என்றேன். "சரி, உள்ள போ" என்றார்.

அந்தப் பெண் தன் பஸ்ஸிலேயே கூட்டிவந்து விட்டாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "வீட்டுல எங்க தாத்தாவும் இப்படித்தான்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாளே கடைக்குப் போய், பழைய கம்பெனிக்கே மாற்றிவிடச் சொன்னேன். மெஸ்ஸில் முன்பணம் கேட்டாவது கட்டிவிடுகிறேன் என்றேன். அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"ஒருக்கா மாத்தினா மூணு மாசம் ஆவணும் பெரிம்மா, அதுக்கு முன்ன வுட மாட்டான். இவனும் வெல ஏத்தப் போறானாம், பேசிக்கிறாங்க. வேணும்னா பழைய கம்பெனியிலயே புதுசா ஒரு நம்பரு எடுத்து, சீட்டுல எழுதி அவர் பையில வெய்யேன்."

சீட்டு வைத்துப் பார்த்தாயிற்று. கிழித்து வாயில் போட்டுக்கொள்கிறார். புது நம்பர் அவர் தலையில் ஏறாது. ஏறியிருப்பது இந்த ஒன்றுதான்.

இப்போது விடிந்ததும் அவரைக் கூட்டிக்கொண்டு நானே ஏரிக்கரைக்கு வந்துவிடுகிறேன். அவர் கை நழுவிப் போய்விட்டாலும் போன் வருகிற இடத்தில் நான் இருக்க வேண்டும். காலை வேளைக்கு மெஸ்ஸில் வேறு ஆள் வைத்துவிட்டார்கள். ராத்திரிப் பாத்திரம் மட்டும்தான் எனக்கு. மாத்திரை அடியோடு நின்றுவிட்டது.

மதகின் மேல் பக்கத்தில் நிறுத்திவைத்து, அவர் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு, தினமும் நம்பரைச் சொல்லச் சொல்லுவேன். சொல்லிவிடுவார். நேற்று பத்தில் எட்டு எண் வரை சொல்லி நின்றார். கீழே கம்பெனி பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. என் முகத்தைப் பார்த்தார். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்து, அதே இடத்தில் நின்றார்.

மீதி இரண்டையும் நான் சொன்னேன்.

"அது யார் வண்டி?" என்று கேட்டார்.